சோத்துக்கும் ஹேன்ட்போன், தூக்கத்துக்கும் ஹேன்ட்போன்: மூணு வயசுப் பையனோட அம்மாவுக்கு ஒரு பதில்

ஒரு அம்மா கேட்டிருந்தது இது. வீடு மலேசியா பினாங்குல பாயான் பாரு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. பையனுக்கு மூணு வயசு ரெண்டு மாசம், மாமியார்தான் பாத்துக்கிறாங்க. ஹேன்ட்போன் இல்லாம ஒரு வாய் சோறு இறங்காது, பிடுங்கினா தரையில உருண்டு கத்துறான், கலர் பேரு நம்பரு எல்லாம் இங்கிலீஷ்ல சொல்றான், ஆனா தண்ணி வேணும்னா வாயைத் திறந்து கேக்க மாட்டேங்கிறான். சொந்தத்துல ஒருத்தர் போன் பாத்துப் பாத்து ஆட்டிசம் வந்துருச்சுங்கிறாரு, இன்னொருத்தர் ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும் விடுங்கிறாரு. டேப்லெட்டைத் தூக்கிப் போட்டுறவா, இல்ல எத்தனை மணி நேரம் குடுத்தா தப்பில்ல, இதான் கேள்வி.

நான் பினாங்குலதான் ஸ்பீச் தெரபிஸ்டா இருக்கேன், 17 வருஷம் ஆச்சு, டாக்டர் இல்ல, புள்ளைய நேர்ல பாக்காம இதுதான்னு அடிச்சுச் சொல்லவும் மாட்டேன். ஆனா பேரையும் வீட்டையும் மாத்திட்டா இதே கதையை வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கேக்கறேன், 2020 மார்ச்ல கோவிட்டுக்காக எம்சிஓங்கிற ஊரடங்கு போட்டு எல்லாரையும் வீட்டுக்குள்ள அடைச்சாங்களே, அதுக்கப்புறம் இன்னும் ஜாஸ்தி.

தங்கச்சி, டேப்பைத் தூக்கிப் போட வேணாம், காசு குடுத்து வாங்கினது. அதுக்கு முன்னாடி வேற வேலை இருக்கு, காது டெஸ்ட். மூணு வயசுல பேச்சு சரியில்லன்னா முதல்ல பாக்க வேண்டியது காதுதான். பாட்டு போட்டா ஆடறானே, காது கேக்காமலா ஆடறான்னு நினைப்பீங்க. சளி பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு வர்ற புள்ளைங்களுக்கு காதுக்குள்ள செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்துக்கும், அப்ப சத்தம் கேக்கும், ஆனா நீங்க தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு வெளிய பேசறதைக் கேட்டா எப்படி இருக்குமோ அப்படித்தான் கேக்கும். போன்ல சத்தத்தைக் கூட்டி வச்சுக்கலாம், பாட்டியோட குரலைக் கூட்ட முடியாதுல்ல. அதனால யாருக்கும் சந்தேகமே வராது.

கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் கவர்மென்ட் சுகாதார கிளினிக்ல, 18 மாசத்துல ஒரு தாள் குடுத்து கேள்வி கேட்டிருப்பாங்க, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறானா, வேணும்கிறதை விரல் நீட்டிக் காட்டறானான்னு, எம்-சாட்னு பேரு, ஆட்டிசம் அறிகுறி இருக்கான்னு பாக்கறது. கூட்டத்துல நின்னுக்கிட்டு அவசரமா எல்லாத்துக்கும் 'யா'ன்னு டிக் போட்டுட்டு வந்தவங்க நிறைய பேரு, நீங்களும் அப்படித்தான்னா வெக்கப்பட ஒண்ணுமில்ல, இப்ப போய் டாக்டர்கிட்ட அதையெல்லாம் நிதானமா பேசுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் கேட்டு வாங்குங்க. மாற்றுத்திறனாளின்னு ஓகேயு கார்டு போட்டுருவாங்களோன்னு பயந்துக்கிட்டு வருஷக்கணக்கா வராம இருக்கிற குடும்பங்களும் இருக்கு. யாரும் உங்களைக் கேக்காம கார்டு போட மாட்டாங்க.

போன் பாத்து ஆட்டிசம் வராது. அது மூளை வளர்ற விதத்துலயே ஆரம்பத்துல இருந்து இருக்கிற வித்தியாசம், அதுல மரபணுவோட பங்கு பெருசு. வாட்சப்ல 'வெர்ச்சுவல் ஆட்டிசம்'னு ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கு, டாக்டருங்க வச்சுப் பாக்கிற நோய்ப் பட்டியல்ல அப்படி ஒரு பேரே கிடையாது. நடக்கிறது என்னன்னா, ஆட்டிசம் இருக்கிற சில புள்ளைங்க ஸ்கிரீன் பக்கம் ரொம்ப ஒட்டிக்கும், அதனால போன்தான் காரணம்னு வீட்டுல முடிவு பண்ணிடுவாங்க. இன்னொரு பக்கம், ஆட்டிசம் எதுவும் இல்லாத புள்ளையும் நாள் பூரா போனோட இருந்தா கூப்பிட்டா திரும்பாது, மூஞ்சியைப் பாக்காது, வெளிப் பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். போனைக் குறைச்சா இந்த ரெண்டாவது ஆளு கொஞ்ச வாரத்துல மாற ஆரம்பிச்சுருவான். அதுக்காக குறைச்சுப் பாத்துட்டு அப்புறமா கிளினிக் போறேன்னு இருக்காதீங்க, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கட்டும்.

ஆம்பளப் புள்ள லேட்டா பேசும்கிறது முழுப் பொய் இல்ல, ஆனா அந்த லேட்டு ஒரு மாசம் ரெண்டு மாசம்தான், ஒரு வருஷம் கிடையாது. ரெண்டு வயசுல சுமாரா 50 வார்த்தை, ரெண்டு வார்த்தை சேத்துப் பேசறது, மூணு வயசுல மூணு வார்த்தை கோத்து 'பாட்டி பால் குடு' அளவுக்கு, வெளியாளுக்கும் பாதிக்கு மேல புரியணும். வீட்டுல தமிழ், கீழ் வீட்டுல மலாய், போன்ல இங்கிலீஷ்னு இருக்கிறதால குழம்பிட்டான்னு சொல்லாதீங்க, பல மொழி கேட்டு வளர்றதால பேச்சு தாமதமாகாது, நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே வளந்தோம். மலாய்ல சுசுன்னு சொன்னாலும் தமிழ்ல பாலுன்னு சொன்னாலும் எல்லா மொழி வார்த்தையையும் சேத்து எண்ணுங்க.

ஆனா பாருங்க, கலர் பேரை நான் அவ்வளவா எண்ண மாட்டேன். என்கிட்ட வந்த ஒரு பையன், கிட்டத்தட்ட உங்க பையன் வயசு. உள்ள வந்ததுமே சுவத்துல ஒட்டியிருந்த எட்டுப் பக்க வடிவத்தைப் பாத்து 'ஆக்டகன்'னான், அதுவும் அப்படியே அமெரிக்கா உச்சரிப்புல, அம்மாவுக்கு ஒரே பெருமை. நான் ஒரு அட்டைப் புத்தகத்தைக் குடுத்தேன். அவன் பக்கத்தைப் புரட்டலை, ஒரு விரலை வச்சு இடது பக்கமா தள்ளினான். நகரலை. மறுபடி தள்ளினான். அப்புறம் மாட்டுப் படத்தைக் குத்தினான், மாடு கத்தலை. புத்தகத்தை என் மடியில போட்டுட்டு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் பாட்டில் மேல வச்சான். தண்ணின்னும் சொல்லலை, வாட்டர்னும் சொல்லலை, என் மூஞ்சியக்கூட பாக்கலை, கை மட்டும்தான் வேணும் அவனுக்கு. அவனுக்குத் தெரிஞ்ச ஆக்டகனை வச்சு ஒரு மனுஷன்கிட்ட எதையும் கேக்கவோ மறுக்கவோ முடியாதே, பேச்சுன்னா அது ரெண்டும்தான் முதல்ல.

இதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. 2003ல அமெரிக்காவுல சியாட்டல்ல பட்ரிஷியா கூல்ங்கிற விஞ்ஞானியும் அவங்க கூட இருந்தவங்களும் 9 மாசக் கைக்குழந்தைங்களை வச்சுப் பாத்தது. மாண்டரின் காதுலயே விழாத இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைங்க. ஒரு கூட்டத்துக்கு மாண்டரின் பேசறவங்க நேர்ல உக்காந்து பொம்மை காட்டி, கதை படிச்சு, 12 தடவை பேசினாங்க, அந்தக் குழந்தைங்க மாண்டரின் சத்தங்களைப் பிரிச்சுப் புடிச்சுக்கிச்சு. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆளுங்க பேசினதை வீடியோவுல காட்டினாங்க, ஒண்ணுமே ஏறலை. குழந்தை பாக்கற பக்கம் நாமளும் பாக்கறது, அது 'ஆ'ன்னா நாம பதிலுக்கு ஒண்ணு சொல்றது, இதெல்லாம் யூடியூப்ல வர்ற அக்காவால முடியாதுல்ல. அதே காரணத்தாலதான் வீடியோ கால் வேற கணக்கு, சுங்கை பட்டாணில இருக்கிற தாத்தா போன்ல வந்து 'எங்கடா என் பல்லு'ன்னு கேட்டா அவர் இவனைப் பாத்துதானே பேசறாரு. அமெரிக்கக் குழந்தை டாக்டருங்க சங்கம் 1999ல ரெண்டு வயசுக்குக் கீழ எதுவுமே வேணாம்னாங்க, 2016ல திருத்தினப்ப 18 மாசத்துக்குக் கீழ வீடியோ கால் மட்டும் பரவால்லன்னு விட்டாங்க.

மணி நேரக் கணக்கு கேட்டீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரல்ல சொன்னது: ஒரு வயசுக் குழந்தை வரைக்கும் ஸ்கிரீனே வேணாம், ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம், அதுக்கும் குறைஞ்சா இன்னும் நல்லது. அதே அறிக்கையில 3 மணி நேரம் ஓடியாடணும்னும், மூணு நாலு வயசுக்கு 10ல இருந்து 13 மணி நேரம் தூங்கணும்னும் இருக்கு, அதை யாரும் வாட்சப்ல அனுப்பறதில்ல. ஆனா உண்மையைச் சொல்றேன், ஒரு மணி நேரம்னு சொல்லி அனுப்பின எந்த வீட்டுலயும் அது நடந்து நான் பாத்ததில்ல. அதனால நான் நிமிஷத்தை எழுதச் சொல்றதில்ல. ஒரு தாள் குடுத்து, மூணு நாளைக்கு எப்பெப்ப குடுத்தீங்க, எதுக்குக் குடுத்தீங்கன்னு மட்டும் எழுதிட்டு வாங்கம்பேன். வர்ற தாள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். காலைல பசியாற, மதியம் சோறு ஊட்ட, பட்டவொர்த்துக்குப் போறப்ப பாலத்துல ஜாம்ல காடிக்குள்ள, மாமாக் கடையில நாம ரொட்டி சானாய் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும், ராத்திரி தூங்க வைக்க. இந்த அஞ்சுல பாதிக்கு மேல புள்ள கேட்டுக் குடுத்ததே கிடையாது, நம்ம வேலை முடியறதுக்காக நாமளா நீட்டினது. இதைத் திட்டறதுக்காகச் சொல்லலை. நைட் ஷிஃப்ட் முடிச்சு காலைல 7 மணிக்கு வந்து புள்ளைக்கு இட்லி ஊட்டற பொம்பளைகிட்ட போய் நான் என்னத்தைத் திட்டறது.

அஞ்சையும் ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, செத்துருவீங்க. சோத்துல இருந்து ஆரம்பிங்க, அதுதான் வேரு. போனைப் பாத்துக்கிட்டே சாப்பிடற புள்ளைக்கு தான் சாப்பிடறதே தெரியாது, வாய் தானா திறக்கும், அதக்கிக்கிட்டே இருக்கும், மெல்லாது, அதனாலதான் குழைச்சு குழைச்சு ஊட்ட வேண்டி வருது, மெல்லாத வாய்க்கு நாக்கும் உதடும் வேலை செஞ்சு பழகறதும் குறையுது. பசி எடுக்கறதும் தெரியாது, வயிறு நிறைஞ்சதும் தெரியாது. எலின் சாட்டர்னு அமெரிக்காவுல ஒரு உணவு நிபுணர் சொன்ன ஒரு முறை இருக்கு, என்ன, எப்ப, எங்கங்கிறது பெரியவங்க முடிவு, எவ்வளவுங்கிறது புள்ளையோட முடிவு. நம்ம பாட்டிங்களுக்கு இந்தக் கடைசிப் பாதி தொண்டையில இறங்கவே இறங்காது. தட்டு காலியாகணும், அதுதான் அவங்களுக்கு அன்பு.

எப்படின்னா, தரையில பாய் போட்டு எல்லாரும் உக்காருங்க, இல்ல மேசையில, இடம் ஒரே இடமா இருக்கட்டும். அவன் தட்டுல ரெண்டே ரெண்டு ஸ்பூன் சோறு, கையில எடுத்துத் தின்ற மாதிரி ஒரு துண்டு மீனு, வெண்டிக்காய். அவனே எடுக்கட்டும், சிந்தட்டும், துடைச்சுக்கலாம். அரை மணி நேரம். சாப்பிடலையா, கெஞ்சாதீங்க, துரத்தாதீங்க, தட்டை எடுத்துருங்க, அடுத்த சாப்பாடு வரைக்கும் தண்ணி மட்டும். முக்கியமா, இடையில பால் பாட்டிலும் மைலோவும் போகக்கூடாது. சோறே தின்ன மாட்டேங்கிறான்னு அழற வீடுகள்ல விசாரிச்சா நாளைக்கு அஞ்சு பாட்டில் பால் போகுது, அப்புறம் எங்க பசிக்கும், இந்த வயசுக்கு 500 மில்லி போதும். ரெண்டு மூணு நாள் சாப்பாடு பாதியாக் குறையும், நல்லா இருக்கிற புள்ளைக்கு அதனால ஒண்ணும் ஆகாது. எடை ஏற்கனவே கம்மின்னு கிளினிக்ல சொல்லியிருந்தா மட்டும் இதைத் தனியா செய்யாதீங்க, கேட்டுட்டுச் செய்யுங்க.

அழுகையைப் பத்தி. முதல் நாளை விட ரெண்டாவது மூணாவது நாள்தான் ஜாஸ்தியா அழுவான், இது தெரியாமத்தான் எல்லாரும் மூணாவது நாள் ராத்திரி தோத்துப்போயி குடுத்துடறது. அப்படிக் குடுத்தா நிறுத்தவே ஆரம்பிச்சிருக்க வேணாம். நம்ம மாமாமாருங்க நாலு நம்பர் லாட்டரி எடுக்கறாங்களே, தினமும் விழுந்தா சலிச்சுப் போயிருவாங்க, எப்பவோ ஒருநாள் விழும்கிறதாலதான் இருபது வருஷமா கடையில நிக்கிறாங்க. ரொம்ப நேரம் அழுதா சில நாள் கிடைக்கும்னு புள்ள கத்துக்கிட்டா அதே கதைதான். அதனால ஆரம்பிக்கிற வாரத்தை யோசிச்சு எடுங்க, ரெண்டு பேருக்கும் ஆஃப் டே சேந்து வர்ற வாரம், தீபாவளிக்கு முந்தின வாரம் கிடையாது.

இன்னொண்ணு, 'இன்னும் ரெண்டு நிமிஷந்தான்'னு முன்னாடியே சொன்னா நல்லதுன்னு நானும் பல வருஷம் சொல்லிக் குடுத்தேன். 2016ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆளுங்க சின்னப் புள்ளைங்க இருக்கிற வீடுகள்ல பாத்தப்ப, அப்படி ரெண்டு நிமிஷம்னு எச்சரிக்கறது சண்டையைக் கூட்டத்தான் செஞ்சுச்சு, வீடியோ தானா முடிஞ்சு நின்னா புள்ளைங்க சுலபமா எழுந்து போயிருச்சுங்க. யோசிச்சா சரிதான், நாம நிறுத்தினா நம்மகிட்ட பேரம் பேசலாம், அதுவா முடிஞ்சா யார்கிட்ட போய் பேசறது. அதனால ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடறதை முதல்ல ஆஃப் பண்ணுங்க. யூடியூப்பை விட்டுட்டு யூடியூப் கிட்ஸ் போடுங்க, அதுலயும் நீங்க பாத்து ஓகே பண்ணின வீடியோ மட்டும் வர்ற மாதிரி செட்டிங் இருக்கு, தேடறதை அடைச்சுருங்க. எனக்குப் பிடிச்ச வழி இன்னும் சுலபம், நாலு வீடியோவை இறக்கி வச்சுட்டு ஃப்ளைட் மோட்ல போட்டுக் குடுக்கறது, தீந்தா தீந்ததுதான், பின்னாடியே போய் டேப்பை அவன் கையாலயே சார்ஜ்ல போடச் சொல்லுங்க, அந்த வேலை அவனுக்குப் பெருமையா இருக்கும்.

தூக்கத்துக்கு, படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே எல்லாம் ஆஃப். சின்னப் புள்ளைங்க கண்ணுக்குள்ள நம்மளை விட வெளிச்சம் ஜாஸ்தி போகும், தூக்கத்தை வரவைக்கிற மெலடோனின் அதனால அவங்களுக்கு ரொம்பவே அமுங்கிரும். புள்ளைக்குக் கண்ணாடி போட வேண்டி வருமோன்னு பயம் இருக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு: 2008ல வந்த ஒரு ஆராய்ச்சி, சிட்னிலயும் சிங்கப்பூர்லயும் இருக்கிற ஆறு ஏழு வயசு சீனப் புள்ளைங்களைப் பாத்தது, கிட்டப்பார்வை சிட்னில 3.3 சதவீதம், சிங்கப்பூர்ல 29.1. பெரிய வித்தியாசம் எதுலன்னா, வெளிய இருக்கிற நேரம், வாரத்துக்கு சிட்னில கிட்டத்தட்ட 14 மணி நேரம், சிங்கப்பூர்ல 3. யூத் பார்க் இருக்கு, தண்ணீர்மலைப் பக்கம் பொட்டானிக்கல் கார்டன் இருக்கு, காசு கிடையாது, குரங்கைப் பாத்தாவே நூறு வார்த்தை வரும். பிஸ்கட்டை மட்டும் மறைச்சு வச்சுக்கங்க.

இப்ப உங்க மாமியார். 'அத்தை கேக்கவே மாட்டேங்கிறாங்க'ன்னு எழுதியிருந்தீங்க. அவங்க பக்கம் கொஞ்சம் யோசிங்க, மூட்டு வலியோட பன்னண்டு மணி நேரம் ஒரு மூணு வயசுப் பையனை ஃபிளாட்டுக்குள்ள வச்சுக்கணும், சமைக்கணும், அவங்களுக்கு அந்தப் போன்தான் ஒரே ஆள் உதவி. அதைப் பிடுங்கிட்டு கையை வீசிக்கிட்டு வேலைக்குப் போனா அவங்க என்ன செய்வாங்க? நான் ஒரு பாட்டிகிட்ட கத்துக்கிட்டதைச் சொல்றேன். தெரப்பிக்கு வந்த ஒரு பேத்தியோட வீட்டுக்குப் போயிருந்தேன், பாட்டி தரையில காலை நீட்டிக்கிட்டு நெத்திலி கிள்ளிக்கிட்டு இருந்தாங்க, பேத்தி பக்கத்துல போனோட. பாட்டி, அந்தப் புள்ளைகிட்ட ஒரு கிண்ணத்தைக் குடுங்கன்னேன், அவ்வளவுதான் நான் செஞ்சது. பாட்டி தலையைக் கிள்ளி 'இந்தா தலை'ன்னு நீட்டினாங்க, அது கிண்ணத்துல போட்டுச்சு. 'இந்தா தலை, இந்தா தலை', ஒரு இருபது தடவை. அப்புறம் பாட்டி ஒரு முழு மீனை வேணும்னே கண்ணு முன்னாடி நீட்டிட்டு சும்மா இருந்தாங்க. புள்ள பாட்டி மூஞ்சியைப் பாத்துச்சு, மீனைப் பாத்துச்சு, 'தயை'ன்னுச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, ஏன்னா இதே வித்தையை நான் காசு வாங்கிக்கிட்டு செய்யறேன், திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை, அப்புறம் நிறுத்திட்டு காத்திருக்கறது. போன் பக்கத்துலயே எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு, அரை மணி நேரம் அது திரும்பிக்கூட பாக்கலை.

உங்க அத்தைகிட்ட போன் குடுக்காதீங்கன்னு சொல்லாதீங்க, இந்த மாதிரி வேலையைப் புள்ள கையில குடுக்கச் சொல்லுங்க, பூண்டு உரிக்க, துணி மடிக்க, பருப்புல கல்லு பொறுக்க. அதோட ஒரு பேரம், மதியம் ஒரு மணி நேரம் அவங்க ஓய்வுக்காக டேப் போகட்டும், அதை மனசார ஒத்துக்கங்க, அந்த ஒரு மணி நேரம்தான் உங்க பையனோட கோட்டா. சீரியல் பத்தியும் மெதுவாப் பேசணும், யாரும் பாக்காம பின்னாடி ஓடற டிவிகூட பேச்சைத் தின்னும், 2009ல வந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒண்ணுல டிவி ஓடற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தை காதுல விழற பெரியவங்க வார்த்தை சுமார் 770 குறைஞ்சிருந்துச்சு. இதை மருமக சொன்னா சண்டைதான் வரும், உங்க வீட்டுக்காரரை சொல்லச் சொல்லுங்க, அவர் அம்மாதானே.

அவரும் வந்ததும் சோபாவுல படுத்துக்கிட்டு போனை நோண்டறாருன்னு எழுதியிருந்தீங்க. 1970கள்ல எட்வர்ட் டிரானிக்னு ஒருத்தர் செஞ்சது, அம்மாவைக் குழந்தையோட கொஞ்சச் சொல்லிட்டு, திடீர்னு சில நிமிஷம் மூஞ்சியில எந்த அசைவும் இல்லாம இருக்கச் சொன்னாரு, குழந்தை சிரிச்சுப் பாக்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அழும். நாம போன் பாக்கறப்ப நம்ம மூஞ்சி எப்படி இருக்குன்னு ஒருநாள் கண்ணாடி முன்னாடி பாருங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் இருபது நிமிஷம் போனு சாவிக் கூடையில கிடக்கட்டும், அவ்வளவுதான் அவர்கிட்ட கேளுங்க, அதுக்கு மேல கேட்டா அதுவும் நடக்காது.

கிளினிக்குக்கு இந்த ஆஃப் டேலயே போயிருங்க, காலைல சீக்கிரமாப் போனாத்தான் நம்பர் கிடைக்கும், காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு பையில ரெண்டு கார், ஒரு பழைய டப்பா, மூடி திறந்து மூட, கொஞ்சம் பிஸ்கட். நெத்திலி மட்டும் வேணாம், நாறும்.